ரோஜாவுக்கு மீசை எதற்கு?

"ரோஸ் லேடீஸ் ஐட்டம்தான் சார். ஆனா இதுல லெதர் கலந்திருக்கு. ஜென்ட்ஸ் தைரியமா போடலாம்!"

ஆண்களுக்கு சென்ட் விற்பவர்கள் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பூ வாசனை பூசிக்கொள்ள ஆம்பளைக்கு எதுக்குய்யா தைரியம்?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோலும் ரோஜாவும் சேர்ந்த வாசனை பிரமாதம். ரோஜாவின் தித்திப்பு திகட்டுவதற்குள், தோலின் புகைக் கசப்பு வந்து தடுத்துவிடும். என் சண்டை சென்ட்டோடு இல்லை. ரோஜாவுக்கு மீசை ஒட்டி விற்கிறார்களே, அந்த வியாபாரத்தோடு.

இந்த ஜோடி சேர்ந்ததே நாற்றத்தை மறைக்கத்தான். பிரான்ஸில் கிராஸ் என்ற ஊர் இன்று வாசனைத் திரவியத்துக்குப் பேர்போனது. ஒரு காலத்தில் அது தோல் பதனிடும் ஊர். அன்றைய ஐரோப்பாவில் தோல் பதப்படுத்த மூத்திரமும் நாய் விட்டையும்கூடப் பயன்பட்டன. அப்படி வந்த தோலில் தைத்த கையுறையை எந்தச் சீமாட்டி மூக்கருகே கொண்டுபோவாள்? ரோஜா, மல்லிகை என்று பூவாசம் ஏற்றி விற்றார்கள். ஆண், பெண் இருபாலரும்தான் மாட்டிக்கொண்டார்கள்.

சரி, தோல் வாசனையாவது ஆம்பளைச் சொத்தா? அதுவும் இல்லை. 1919-ல் பாரீஸின் காரோன் கம்பெனி 'தபா ப்ளோன்' என்று தோலும் புகையிலையுமாக மணக்கும் சென்ட் ஒன்றைக் கொண்டுவந்தது. யாருக்காக? சிகரெட் பிடிக்கும் பெண்களுக்காக!

ரோஜா பெண்பாலாம். நேரு கோட்டில் செருகிக்கொண்டது என்ன, சாமந்தியா? அரபு நாட்டு ஆண்கள் தாயிஃப் ரோஜா அத்தரைக் கூச்சமில்லாமல் பூசிக்கொள்கிறார்கள். நம் கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண், மாமாக்களை விட்டுவிட்டு மாமிகளுக்கு மட்டுமா தெளிக்கிறாள்?

பெரிய வேடிக்கை, அந்த பாட்டிலில் தோலே கிடையாது. ரஷ்யாவில் தோலுக்கு பிர்ச் மரப்பட்டைத் தார் தடவுவார்கள். அந்தத் தார் வாடையே உலகத்துக்குத் தோல் வாசனை ஆகிப்போனது. இப்போது ஐசோபியூட்டைல் குயினோலின் மாதிரி ரசாயனங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆய்வுக்கூடத்துச் சரக்குதான் ரோஜாவுக்கு ஆண்மை தருகிறதாம்!

நிஜத் தோலின் வாடை வேண்டுமா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வாருங்கள். அங்கே பஸ் போகும்போது ஜன்னலை இழுத்து மூடுகிறவர்கள்தானே நாம்? தோலில் வேலை செய்தவனைத் தொடாதே என்று ஊருக்கு வெளியே வைத்த தேசம் இது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

விளம்பரத்தில் 'கம்பீரமான தோல் மணம்' என்று எழுதுகிற புண்ணியவான்கள், அந்தத் தொட்டிப் பக்கம் நின்று ஒருதரம் மூச்சை இழுத்துப் பார்க்கட்டும். ரோஜாவுக்குக் காவல் வைப்பதை அப்புறம் பேசலாம்.