அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், மாப்பிள்ளை

ஷார்ஜாவில் இருக்கும் என் மாப்பிள்ளை போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு வண்டியின் படங்களை அனுப்பியிருந்தார். இருபது வருஷத்துப் பழைய ஃபோர் வீல் டிரைவ். "மாமா, விலை படியுற மாதிரி இருக்கு. வாங்கலாமா?" என்று ஒரு வரி. என் மகளும் என் மனைவியும் ஒரே கட்சி. வாங்கினால் புதிது வாங்கட்டும், இல்லையென்றால் மணல் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம் என்கிறார்கள். வீட்டில் நான் மட்டும்தான் எதிர்க்கட்சி.

சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் ஆபீஸ் போய்வந்த கிளார்க்குக்கு இதில் என்ன கருத்து என்று கேட்பீர்கள். அந்த மணலில் ஒரு நாள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்ற தகுதி எனக்கு இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். மாப்பிள்ளை அப்போதுதான் முதல் பழைய வண்டியை வாங்கியிருந்தார். மேலே கேரியர், முன்னால் இரும்பு பம்பர், கூரையில் நாலு விளக்கு. பார்ப்பதற்கு மாப்பிள்ளை அழைப்புக் கார் மாதிரி இருந்தது. ஹத்தா போகிற சாலையில் அல் பதாயர் என்று ஒரு இடம். செம்மணல் மேடுகள். பெரிய மேட்டுக்கு 'பிக் ரெட்' என்றே பெயர். விடுமுறை நாள் மதியம் நாங்கள் ஐந்து பேர் ஒரே வண்டியில் போனோம். சாலையை விட்டு இறங்கி மூன்று நான்கு மேடு தாண்டியிருப்போம். சூடு காட்டும் முள் மேலே ஏறியது. மாப்பிள்ளை பதறி ஏ.சி.யை நிறுத்தினார், ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினார். வண்டி ஒரு பள்ளத்தில் அச்சு வரை இறங்கி உட்கார்ந்தது. பானட்டிலிருந்து ஆவி. பள்ளத்துக்குள் போனில் சிக்னல் இல்லை. எங்களிடம் இருந்தது இரண்டு பாட்டில் தண்ணீர். ஒன்றை ரேடியேட்டருக்கு என்று மாப்பிள்ளை தனியாக எடுத்து வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பேத்தி, "தாத்தா, எனக்குத் தாகமா இருக்கு" என்றாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது.

பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்கு செந்த் எக்ஸுபெரியின் 'தேர் தெ ஸோம்' நினைவிருக்கும். 1935 கடைசியில் அவருடைய விமானம் லிபியப் பாலைவனத்தில் விழுந்து, அவரும் மெக்கானிக் ப்ரெவோவும் தண்ணீர் இல்லாமல் நாள்கணக்கில் நடந்து, கடைசியில் ஒரு பெதுயின் கண்ணில் பட்டுப் பிழைத்த கதை. வகுப்பில் அதை டிக்டேஷனாக எழுதியபோது எழுத்துப் பிழை வரக்கூடாதே என்ற பயம் மட்டும்தான் எனக்கு. அறுபது வருஷம் கழித்து அந்தப் பள்ளத்தில்தான் அந்தப் பக்கங்கள் புரிந்தன.

ஒன்றரை மணி நேரம் கழித்து, ஒரு பழைய நிசான் பேட்ரோலில் மூன்று உள்ளூர் அரபுப் பையன்கள் வந்தார்கள். வந்ததும் டயரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். ஒருவன் குனிந்து, குச்சியால் வால்வை அழுத்தி நாலு டயரிலும் காற்றை இறக்கினான். தார்ச்சாலையில் 35 பவுண்டு வைக்கிற டயருக்கு மணலில் 15 பக்கம்தான் இருக்க வேண்டுமாம். காற்றுக் குறைந்தால் டயர் நீளவாட்டில் படுத்துக்கொள்கிறது, பாரம் பரவுகிறது, மணலில் புதைவதில்லை. ரொம்பவும் குறைத்தால் வளைக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பச் சாலை ஏறும்முன் காற்றடிக்காமல் வேகமாக ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும். மாப்பிள்ளை பயந்துபோய் 25-க்கு மேல் குறைக்கவே இல்லை. பையன்கள் பட்டையைக் கட்டி இழுத்தார்கள், ரேடியேட்டருக்குத் தண்ணீரும் கொடுத்தார்கள். அவர்களுடைய பேட்ரோல் நம் வண்டியைவிட வயதில் மூத்தது. இதைத்தான் என் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நம்மை மாட்டிவிட்டது பழைய வண்டி என்றால், இழுத்துப் போட்டதும் பழைய வண்டிதானே?

அப்படியானால் எது தவறு? மறுநாள் அங்கே மெக்கானிக் ஷாப்பில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு மலையாளி மெக்கானிக் வண்டியைப் பிரிப்பதைப் பார்த்தேன். ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தது. கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரையே ஊற்றி ஊற்றி உப்புப் பிடித்துவிட்டது. விசிறியைப் பிடித்துச் சுழற்றும் கிளட்சும் தளர்ந்து போயிருந்தது. "வாங்கும்போது ஓட்டிப் பார்த்தோமே, நன்றாக ஓடியதே?" என்றேன். அவர் சிரித்தார். சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. மணலில் வேகம் இருபதோ முப்பதோதான், இன்ஜின் மட்டும் முழு மூச்சில் கத்துகிறது. அங்கே விசிறியைத் தவிர வேறு துணை இல்லை. சாலையில் ஓட்டிப் பார்த்து மணலுக்கு வண்டி வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

விற்றவர் தெரிந்தே ஏமாற்றினாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று செய்திருந்தார். வண்டியின் அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார். நான் ஆபீஸில் எத்தனையோ கட்டுகளைப் பார்த்தவன். பழைய கட்டுக்குப் புது அட்டை போட்டு மேஜைக்கு வந்தால் உள்ளே ஏதோ தாள் காணவில்லை என்று அர்த்தம். அந்தப் பெயின்டைச் சுரண்டினால் சேசிஸில் துரு. கடற்கரையிலும், சப்கா என்கிற உப்புச் சேற்று நிலத்திலும் ஓடி, கழுவாமல் நின்ற வண்டி. முல்கியா சரியாக இருந்தது, வருடாந்திர பாஸிங்கும் முடிந்திருந்தது. எல்லாம் சாலைக்கான தாள்கள்.

ஆகவே என் கருத்து இது. பழையது வாங்குங்கள். லேண்ட் குரூஸரின் 80 சீரிஸ், பேட்ரோலின் பழைய மாடல் போன்றவை முன்னும் பின்னும் ஒரே தண்டாக அச்சு உள்ள வண்டிகள். வளைகுடாவில் அவற்றுக்கு ஸ்பேர் கிடைக்கிறது, பிரிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கடனில் வாங்கிய புது வண்டியை மணலில் இறக்க எவனுக்கும் மனசு வராது. இறக்கினாலும், காற்றைக் குறைக்காவிட்டால் அதுவும் புதையத்தான் செய்யும். ஆனால் காற்றுப் பை சஸ்பென்ஷனும் ஏகப்பட்ட கம்ப்யூட்டரும் வைத்த பழைய ஆடம்பர ஜீப்பு என்றால் நானும் மனைவியின் கட்சிதான்.

கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை விலைக்குக் கொடுக்காமல் ஒதுக்க வேண்டும். ரேடியேட்டர், ஹோஸ், விசிறிக் கிளட்ச், டயர் இவற்றுக்குத்தான் அது. கூரை விளக்குக்கு அல்ல. வாங்கும்முன் லோ கியர் நெம்புகோலைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஊருக்குள்ளேயே ஓடிய வண்டிகளில் அது வருஷக்கணக்கில் அசையாமல் இறுகிக் கிடக்கும். அதையும் தார்ச்சாலையில் அல்ல, மண் தரையில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒற்றை வண்டியாகப் போகக் கூடாது. பாரிஸ்-டக்கார் பந்தயத்தை 1978 டிசம்பரில் தொடங்கிய தியெரி சபீன், அதற்கு முந்தைய வருஷம் லிபியப் பாலைவனத்தில் மோட்டார் சைக்கிளோடு தனியாக வழி தவறிச் செத்துப் பிழைத்தவர். 1982 பந்தயத்தில் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் மகனே ஆறு நாள் காணாமல் போய், அல்ஜீரிய ராணுவ விமானம் தேடிக் கண்டுபிடித்தது. அதே வருஷம் ஜெயித்தவர்கள் மரோ சகோதரர்கள். அவர்கள் முதல் பந்தயத்தை ஓட்டி முடித்தது எதில் தெரியுமா? நாலு சக்கரமும் இழுக்கும்படி மாற்றிய சின்ன ரெனோ 4-இல்.

இதையெல்லாம் மாப்பிள்ளைக்கு எழுதி அனுப்பினேன். கூட்டமாகப் போகிற நண்பர்கள் நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள், இனித் தனியாகப் போவதில்லை என்று பதில் வந்தது. என் மகள் அதற்குக் கீழே ஒரு முறைப்பு பொம்மை போட்டிருந்தாள். அவள் பயம் நியாயம்தான், பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.

வண்டியின் படங்கள் மொத்தம் பதினொன்று வந்திருக்கின்றன. முன்புறம், பின்புறம், ஸீட், ஸ்டியரிங், கூரை விளக்கு. அடிப்பக்கம் ஒன்றுகூட இல்லை. கேட்டிருக்கிறேன். இன்று வரை வரவில்லை.