விலை போகாத பழைய டியூப்லைட்



இன்வெர்ட்டர் பேட்டரி பழுதானால் யாரும் தூக்கி எறிவதில்லை. உள்ளே ஈயம் இருப்பதால் புதியது வாங்கும்போது பழையதற்கு விலை கழிக்கிறார்கள். டியூப்லைட்டுக்கும் சி.எஃப்.எல். பல்புக்கும் அந்த விலை இல்லை. ஆகவே அவை குப்பைத் தொட்டியில் உடைகின்றன.

நம் ஊர்ப் பீங்கான் உடைந்தால் வெறும் ஓடு. டியூப்லைட் உடைந்தால் பாதரச ஆவி. நரம்புக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. ஒரு குழாயில் சில மில்லிகிராம்தான். ஆனால் அதைத் தினமும் சுவாசிப்பவர்கள் துப்புரவுப் பணியாளரும் பழைய சாமான் கடைப் பையனும். 2001-இல் கொடைக்கானல் இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு வெளிப்பட்டதும் ஒரு பழைய சாமான் கடையில்தான். அவ்வாண்டே தொழிற்சாலை மூடப்பட்டது.

பேட்டரிக்கும் மின்னணுக் கழிவுக்கும் 2022-இல் விதிகள் வந்து, பொறுப்பு தயாரிப்பாளர் மீது வைக்கப்பட்டுள்ளது. ஆனால் ஒரு கடையின் நான்கு டியூப்லைட்டுக்காக எந்த வண்டியும் வராது. நூறு கடையுடையது சேர்ந்தால் பேசலாம்.

எனவே சங்கம் ஓர் அறை ஒதுக்க வேண்டும். சரக்கு இறக்கிக் காலியாகத் திரும்பும் மொத்த வியாபாரிகளின் வண்டி அவற்றை ஏற்றி வரலாம். பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு மொத்தமாக அனுப்பலாம்.

அதுவரை, பழைய குழாயைப் புதியது வந்த அட்டை உறையிலேயே வையுங்கள். உடைந்தால் கதவைத் திறந்து கால் மணி நேரம் விலகியிருங்கள். துடைப்பம் வேண்டாம், அட்டையால் அள்ளி மூடியுள்ள பாட்டிலில் இடுங்கள். செல்போன் பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி, காகிதக் கட்டுகளிலிருந்து தள்ளி வையுங்கள். பேட்டரி ஆசிடைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

லாபம் நமது, கழிவு ஊருடையது என்பது வியாபாரமாகாது.