கல்லீரல் நோய்: ஸ்கேன் கருவி மட்டும் போதுமா?

புதுதில்லி: மது சாராத கொழுப்புக் கல்லீரல் நோயைத் தேசிய தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் மத்திய அரசு 2021-ஆம் ஆண்டு சேர்த்தது. மக்களில் 9 முதல் 32 சதவீதம் பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று சுகாதார அமைச்சகம் அப்போது தெரிவித்தது. திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிமுறைகளும், சமுதாய சுகாதாரப் பணியாளர் முதல் மருத்துவ அலுவலர் வரையிலானோருக்கான பயிற்சிக் கையேடும் 2024 செப்டம்பரில் வெளியிடப்பட்டன.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதே இவற்றின் நோக்கம். ஆனால், நோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுவோரில் பலர் அடுத்து ஸ்கேன் பரிசோதனைக்கே அனுப்பப்படுவர். அங்கு படத்தை ஆராயும் கதிரியக்கவியல் மருத்துவரின் பயிற்சியைப் பொறுத்தே சிகிச்சையின் போக்கு அமையும்.

வழக்கமான அல்ட்ராசவுண்டில் லேசான கொழுப்புப் படிவு புலப்படாமல் போகலாம். கொழுப்பு தெரிந்தாலும், கல்லீரலில் தழும்பு எந்த அளவுக்கு ஏற்பட்டுள்ளது என்பதை அறிய, அதன் விறைப்பை அளவிடும் எலாஸ்டோகிராபி தேவைப்படும்.

புற்றுநோயைக் கண்டறிவதில் பொறுப்பு இன்னும் கூடுகிறது. கல்லீரல் சுருக்க நோய் உள்ளவரின் கட்டியில் குறிப்பிட்ட அடையாளங்கள் காணப்பட்டால், திசுப் பரிசோதனை இன்றி, சிடி அல்லது எம்ஆர்ஐ படத்தைக் கொண்டே புற்றுநோயை உறுதிசெய்ய இயலும். செலுத்தப்பட்ட மருந்து தமனி வழியே பாயும்போது கட்டி ஒளிர்வதும், பின்னர் சுற்றுப்பகுதியைவிட மங்குவதும் அவற்றில் முதன்மையானவை. படமெடுக்கும் நேரம் சில விநாடிகள் பிசகினாலும் இவை தெரியாமல் போகலாம்.

இத்தகைய கண்டறிதலில் ஒரே சீரான அளவுகோலைப் பின்பற்றுவதற்காக, அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2011-ஆம் ஆண்டில் 'லை-ராட்ஸ்' அறிக்கை முறையை அறிமுகப்படுத்தியது.

களப்பணியாளர்களுக்கான பயிற்சியால் ஸ்கேன் பரிசோதனைக்கு வருவோரின் எண்ணிக்கை உயரும். அந்தப் படங்களை ஆராய்வோருக்கும் தொடர் பயிற்சி கிடைத்தால்தான் தொடக்கநிலைக் கண்டறிதல் நோயாளிக்குப் பயன் தரும்.