சாமி மேடைப் பக்கத்துல கூண்டு வேணாம்



போன வாரம் கோயில்ல அன்னதானப் பாத்திரமெல்லாம் கழுவி வச்சிட்டு உட்கார்ந்திருந்தோம். தொண்டர் தம்பி ஒருத்தர் கேட்டாரு: "அண்ணே, பிள்ளைக்கு ஒரு கேனரி வாங்கப் போறேன். சாமி மேடைப் பக்கத்துல மாட்டினா காலையில நல்லாப் பாடும்ல?"

வாங்குங்க, ஆனா மேடைப் பக்கம் மட்டும் வேணாம்னு சொன்னோம். காரணம், நாங்க செஞ்ச தப்பு.

எங்க வீட்லயும் ஒரு மஞ்சள் கேனரி இருந்துச்சு. மேடைக்கு மேலதான் கூண்டு. வெள்ளிக்கிழமை தவறாம சாம்பிராணி. கொஞ்ச நாள்ல பாட்டு நின்னுச்சு. இறகு உதிர்ற காலம்னு விட்டுட்டோம். அப்புறம் வாயைத் திறந்து, வாலை ஆட்டி ஆட்டி மூச்சு வாங்குச்சு. ஒரு சனிக்கிழமை காலையில கூண்டுத் தரையில கிடந்துச்சு. வேற காரணமும் இருந்திருக்கலாம். ஆனா அந்தப் புகையில வச்சது நாங்கதான்.

பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கத்துல அந்தக் காலத்துல கேனரியைக் கூடவே கொண்டு போவாங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஆளுக்கு முன்னால பறவை சாஞ்சிடும், உடனே எல்லாரும் வெளியேறுவாங்க. 1986ல தான் அதை நிறுத்திட்டு மின்னணுக் கருவிக்கு மாறினாங்க. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் பறவையோட நுரையீரலுக்குள்ள காத்து ஓடிக்கிட்டே இருக்கும். அதான் நஞ்சும் சீக்கிரம் ஏறும்.

ஃபேக்டரியில கேஸ் டிடெக்டர் கத்தினா நாங்க மெஷினை நிறுத்தி ஆளுங்களை வெளிய அனுப்புறோம். வீட்ல பறவை பாட்டை நிறுத்தினப்போ காதுலயே வாங்கல.

புகைமூட்டம் நம்ம கிள்ளான்காரங்களுக்குப் புதுசில்ல. 2005 ஆகஸ்ட் 11ல காற்றுக் குறியீடு 500ஐத் தாண்டி, போர்ட் கிள்ளான்ல அவசரநிலையே அறிவிச்சாங்க. நமக்கே மூச்சு முட்டுச்சு. உள்ளங்கை அளவு பறவை என்ன செய்யும்?

"அப்போ சாம்பிராணியை விட்டுடணுமா?"ன்னு சிலர் கேப்பீங்க. வேணாம். பூஜைக்கு முன்னால கூண்டை வேற அறைக்கு மாத்திக் கதவைச் சாத்துங்க. புகை முழுசாப் போன பிறகு கொண்டு வாங்க. தீபாவளிப் பட்டாசுக்கும் இதேதான்.

"கூண்டே பாவம், திறந்து விடுங்க"ன்னும் சொல்றாங்க. கேனரி பல நூறு வருஷமா மனுஷன் கையில வளர்ந்த இனம். நம்ம ஊர்ல வெளிய விட்டா பிழைக்காது, அது புண்ணியமில்ல. காட்டுல திரியுற முராய் பத்து கதை வேற. பெர்ஹிலித்தான் லைசென்ஸ் இல்லாம அதை வச்சிருக்கக் கூடாது.

வீட்டுக்கு மங்களம்னு பறவை வாங்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் கையில இருக்கிற கிளியை தினமும் புதுசா இலையாலதான் செய்யுறாங்க. சாமிக்கு அதுவே போதும். உயிருள்ள பறவை நம்ம ஆசைக்கு வாங்குறது, அதைக் காப்பாத்துறதும் நம்ம கடமை.

வர்ற வெள்ளிக்கிழமை தணல் போடுறதுக்கு முன்னால கூண்டு எங்க இருக்குன்னு ஒரு தடவை பாருங்க.