நாணம் நோயை மறைக்கலாமா?



ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு நடைபெற்ற அகழ்ப்போரில் ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்து இரத்த நாளம் அறுபட்டது. மதீனாப் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி அமைத்திருந்த கூடாரத்தில் அவர்களைச் சேர்க்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காயமுற்றோருக்கு மருந்திட்டுப் பணிவிடை செய்வதையே தம் தொண்டாகக் கொண்டவர் அவ்வம்மையார். நபிகளார் அவ்வழியே செல்லும்போது காலையிலும் மாலையிலும் ஸஅத் (ரலி) அவர்களின் நலம் விசாரித்தார்கள் என்று வரலாறு கூறுகிறது.

நோயாளிக்குப் பணிவிடை புரிந்த ஒரு பெண்ணுக்கு இறையில்லத்திலேயே இடமளித்த மார்க்கம் நம்முடையது. இன்று நம் இல்லங்களில் நிலைமை என்ன? மகள் செவிலியர் படிப்புக்குச் செல்ல விரும்பினால் முகம் சுளிக்கிறோம். இரவுப் பணி என்கிறோம். மாப்பிள்ளை அமையாது என்கிறோம். ஆனால் நம் வீட்டுப் பெண் நோயுற்றால், அங்கே பெண் நர்ஸ் இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்கிறோம். நம் மகளை அனுப்ப மாட்டோம். அப்படியானால் யாருடைய மகள் வந்து நமக்குப் பணி செய்ய வேண்டும்?

புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு ஜனாஸாவுக்குச் சென்றிருந்தேன். மறைந்த சகோதரிக்கு நாற்பது வயதுக்குச் சற்று மேல். மார்பில் கட்டி இருப்பதை ஓராண்டுக்கும் மேலாக அவர் எவரிடமும் கூறவில்லை. கணவரோ அயல்நாட்டில், மகனிடம் சொல்ல நாணம், மருத்துவமனையில் ஆண் மருத்துவர் இருப்பாரே என்ற தயக்கம். வலிக்காத கட்டிதானே என்று இருந்துவிட்டார். “வாரந்தோறும் தொலைபேசியில் பேசினேன் ஹஜ்ரத், ஒரு வார்த்தை சொல்லவில்லையே!” என்று அந்தக் கணவர் என் கையைப் பற்றிக்கொண்டு அழுதார். அவருக்கு மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை.

நாணம் உயர்ந்த பண்பு, அதில் ஐயமில்லை. ஆனால் மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு அன்சாரிப் பெண்களுக்கு நாணம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதை நாம் மறந்துவிடலாகாது. கேட்க வேண்டியதைக் கேட்பதும், சொல்ல வேண்டியதைச் சொல்வதும் நாணத்துக்கு மாறானவை அல்ல.

சொல்லத் தயங்கும் பெண்ணைச் சொல்ல வைப்பவர் யார்? பயிற்சி பெற்ற செவிலியரே. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கப்பெற்றது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 31,000க்கும் மேற்பட்டோரைச் செவிலியர் பரிசோதித்தனர். நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவிப் பார்த்தால், மாறுதலடைந்த பகுதி வெண்மையாகத் தெரியும். மிக எளிய பரிசோதனை இது. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் அதன் முடிவு வெளியாயிற்று. பரிசோதனை நடைபெற்ற ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அந்நோயால் நேரும் மரணம் 35 விழுக்காடும், மற்ற ஊர்களைக் காட்டிலும் குறைந்திருந்தன. ஊர்ப் பெண்களிடம் பக்குவமாகப் பேசி, அவர்களை இணங்கச் செய்து, தம் கையாலேயே பரிசோதித்த செவிலியரின் உழைப்பு இது.

நோய் உறுதியான பின்னரும் அவர்கள் பணி ஓய்வதில்லை. மருந்தேற்றும்போது அது நாளத்தை விட்டுக் கசிந்தால் சதை புண்ணாகிவிடும். அதை முதலில் கண்டு நிறுத்துபவர் செவிலியர். சிகிச்சை நாட்களில் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராமல் உடனே வர வேண்டும் என்று வீட்டாருக்கு எச்சரித்து அனுப்புபவரும் அவரே. மார்பு அறுவைக்குப் பின் கை வீங்காதிருக்கப் பயிற்சி கற்பிப்பவரும், மருத்துவரிடம் கேட்கக் கூசும் வினாக்களுக்கு விடை தருபவரும் அவரே. செவிலியர் படிப்பை முடித்தவர்கள் புற்றுநோய்ப் பராமரிப்பில் மட்டும் ஓராண்டுக் காலம் தனிப் பயிற்சி பெறும் பட்டயப் படிப்பும் நம் நாட்டில் உண்டு. அத்தகைய பயிற்சி பெற்றோர் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

புதுக்கோட்டை மண்ணுக்கு இத்தொண்டு புதிதன்று. 1886இல் இங்கே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், பெண்ணை மன்னர் கல்லூரியில் சேர்க்கலாகாது என்ற எதிர்ப்பையும் மீறிப் படித்து மருத்துவரானார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விட்டு அகலவில்லை. 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது அவருடைய முயற்சியால்தான். ஒரு பெண் படித்ததால் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் பயன்பெற்றன என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்!

ஆகவே, பெற்றோர்களே! செவிலியராக விரும்பும் மகளுக்குத் தடை சொல்லாதீர்கள். இல்லத்தரசிகளே! மார்பில் கட்டியோ, காலம் தவறிய உதிரப்போக்கோ கண்டால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அயல்நாட்டில் இருக்கும் கணவன்மார்களே! பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்கும்போதே, உடல் நலமா என்றும் கேளுங்கள்.

ஜமாஅத் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாளேனும் மதரஸாக் கூடத்தைப் பெண்களுக்கென ஒதுக்கி, செவிலியரை வரவழைத்துப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். அச்செய்தியை ஜும்ஆ மேடையிலேயே அறிவியுங்கள். ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் பள்ளிவாசலில்தான் இருந்தது. நம் பள்ளிவாசலிலும் அதற்கு இடமுண்டு.