எந்திரிக்கச் சொன்னது யார்?

"எஸ்.சி. பிள்ளைங்க மட்டும் எந்திரிங்க. ஸ்காலர்ஷிப்புக்குக் கணக்கு எடுக்கணும்."

நாற்பது வருசத்துக்கு முந்தி ஆறாம் வகுப்பில் இப்படி எந்திரிச்சு நின்றவன் நான். வாத்தியார் தலைகளை எண்ணி முடிக்க ஒரு நிமிசம்கூட ஆகியிருக்காது. அதுவரை என் தோளில் கை போட்டுக்கிட்டிருந்தவன் அன்னிக்கு மத்தியானம் வேற இடம் பார்த்துச் சோறு தின்னான். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் நடக்கலே என்று கேளுங்கள்.

எம்.ரெட்டியபட்டி வட்டாரம். ஊர்ப் பேரிலேயே சாதியை வச்சுக் கட்டின பூமி. மழை பெய்ஞ்சா சோளம், பருத்தி. பெய்யாட்டி வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம். அந்தப் புகையைக் குடிச்சுப் பிள்ளையைப் படிக்க அனுப்புகிற ஆத்தாளிடம் இன்றைக்குக் குழந்தை மனவியல் பேச வருகிறார்கள். பிள்ளையைப் பாராட்டுங்க, தன்னம்பிக்கை கொடுங்க, தினமும் அரைமணி நேரம் உக்காந்து பேசுங்க. நல்ல புத்திதான், வேண்டாமென்று சொல்லலே. ஆனால் இவர்கள் புத்தகத்துக் 'குழந்தை'க்குத் தெருவும் கிடையாது, சாதியும் கிடையாது. எங்க பிள்ளை படிக்கலேன்னா மட்டும் 'வீட்டுச் சூழ்நிலை சரியில்லை' என்று தீர்ப்பு. வகுப்பறைச் சூழ்நிலையை எவன் விசாரித்தான்?

விசாரித்தவர்கள் உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பெண்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பையன்களிடம் புதிர்ப்பாதைப் படங்களைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் சமமாகவே போட்டார்கள். பெயர், அப்பன், ஊர், சாதி என்று சத்தமாக வாசித்த பிறகு தலித் பையன்கள் போட்டது கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்துபோனது. 2004-இல் உலக வங்கியே இந்த ஆய்வை வெளியிட்டது. அதே பையன், அதே மூளை, அதே வீடு. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: சாதியை வாசித்தார்கள்.

இது நேற்று வந்த நோய் இல்லை. பின்னாளில் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்த இரட்டைமலை சீனிவாசன், கோயமுத்தூரில் படித்தபோது சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து யாரோடும் ஒட்டாமல், மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருந்திருக்கிறார். 1939-இல் வந்த தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பயத்தைப் 'பிள்ளைக்குக் கூச்ச சுபாவம்' என்று எழுதிவிட்டுப் போகுமா உங்கள் மனவியல்?

எந்திரிச்சு நின்ன பிள்ளைக்கு மட்டுமா பாடம்? உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கும் பாடம்தான். அந்தப் பாடம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரி காட்டியது. கூடப் படித்த பையன்களே அரிவாளோடு வீடு புகுந்து அண்ணனையும் தங்கச்சியையும் வெட்டினார்கள். அதற்குப் பின் அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, சாதியைச் சொல்லி மாணவரைக் கூப்பிடக் கூடாது என்கிறது அது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே மன உளைச்சல் தருவதைத் தடை செய்துவிட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கு.

"சலுகை வேணும்னா சாதியைச் சொல்லித்தானே ஆகணும்?" என்பார்கள். சலுகை இல்லை அய்யா, உரிமை. ஆபீஸ் ரெக்கார்டில் இருப்பதை எண்ண வகுப்பில் எதுக்கு நிறுத்தணும்?

சாதியை ஒளிச்சு வைக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பூனாவில் பூலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, மகர், மாங் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். 1855-இல் 'ஞானோதயா' பத்திரிகையில் வந்தது. அவள் தானாக எந்திரிச்சவள். நம்மை எந்திரிக்க வைக்கிறது வேற, நாமே எந்திரிக்கிறது வேற. முதலாவது அவமானம், இரண்டாவது கல்வி.

தோழர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கையெழுத்துப் போட மட்டும் போகாதீர்கள். "எங்க பிள்ளைகளை வகுப்பில் எந்திரிக்கச் சொன்னது யார்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.