நிலம் அதிர நட, அம்மா

அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஏழு மாதம் ஆகிறது. வலி போய்விட்டது. தாங்கித் தாங்கி நடப்பது போகவில்லை. இரும்பையில் எங்கள் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்: "இன்னாக்கா, அவ்ளோ பெரிய ஆபரேஷன் பண்ணியும் நொண்டறது போவலியே?" டாக்டரைக் குறை சொல்வது போலத்தான் தொனிக்கும். டாக்டர் மேல் எனக்குப் புகார் இல்லை. எக்ஸ்ரேயில் மூட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. என் புகார் எங்கள் வீட்டின் மேல். என் மேலும்தான்.

முப்பது வருடம் முந்திரிக்கொட்டை பொறுக்கியும் ஆரோவில்லில் வீட்டு வேலை செய்தும் தேய்ந்த இடுப்பு அது. வலிக்கு பயந்து அம்மா ஆறு வருடம் வலது காலில் பாரம் போடாமல் நடந்தாள். அப்படி நடந்தால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை இளைத்துவிடும். நாம் ஒரு காலைத் தூக்கி மற்றதில் நிற்கும்போது, உடம்பு சாயாமல் இடுப்பைப் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைதான். அந்த ஒரு நொடியில் மூட்டின் மேல் விழும் பாரம் உடல் எடையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். தசைக்குத் தெம்பில்லை என்றால் எதிர்ப்பக்க இடுப்பு இறங்கும்; விழாமல் இருக்க மனுஷி உடம்பை வலி இருந்த பக்கம் வீசுவாள். ஊர் அதைத்தான் நொண்டல் என்கிறது.

1962இல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி பிளாஸ்டிக் கிண்ணமும் உலோகப் பந்தும் வைத்துச் செய்து காட்டிய சிகிச்சைதான் இன்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எங்களைப் போன்ற வீட்டுக்கும் கிடைக்கிறது. ஆனால் கத்தியால் மாற்ற முடிவது மூட்டைத்தான். தசையை மாற்ற முடியாது. அதற்குப் பயிற்சி வேண்டும்: தினம் மூன்று வேளை, வேளைக்குப் பத்துப் பத்து தடவை, மேடையைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்க வேண்டும். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு வர வேண்டும். தடியை ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும் (பாதிப் பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்). பஸ் படியில் ஏறும்போது முதலில் நல்ல கால், இறங்கும்போது ஆபரேஷன் கால். இப்படியே மாதக்கணக்கில் போகும். அதாவது ஒரு பெண் தன் உடம்புக்காக மட்டும், வேறு யாருக்கும் எந்தப் பயனும் இல்லாமல், தினம் ஒரு மணி நேரம் செலவழிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இடித்தது இதுதான்.

முதல் மூன்று மாதம் குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது. புது மூட்டு நழுவிவிடும் என்றார்கள். நம் பெண்களின் வேலை எல்லாம் தரையில்தானே இருக்கிறது? கோலம், அரிவாள்மணை, துணி துவைக்கிற கல், முந்திரித் தோப்பு. குனியாதே என்றால் வாழாதே என்பது போலத்தான் அம்மாவுக்குக் கேட்டது. தன் செருப்பைக்கூட அவளால் மாட்டிக்கொள்ள முடியவில்லை. நான் ஊரில் இல்லாத நாட்களில் அப்பாவை மாட்டிவிடச் சொன்னேன். "பொண்டாட்டி காலுக்குச் செருப்பு மாட்டி வுடறான்னு ஊரு சிரிக்கும்" என்றார். அண்ணன் விசேஷ நாளில் அம்மா காலில் விழுந்து கும்பிடுகிறவன்தான். அதே காலைப் பிடித்துப் பயிற்சி செய்யத் தூக்கு என்றால் அவனுக்குக் கூச்சம்.

சிரிக்கிற ஊரைப் பற்றி எங்களிடம் ஒரு பழைய கதையே இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம் எங்கள் மாகாளேஸ்வரர் கோயில். அங்கே ஒரு தாசிப் பெண் ஆடிக்கொண்டிருந்தபோது காற்சிலம்பு கழன்று விழுந்ததாம். கடுவெளிச் சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டினார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. சித்தர் கோபத்தில் பாட, லிங்கம் வெடித்துத் துண்டானது. இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் சித்தரையும் லிங்கத்தையும் விவரமாகச் சொல்வார்கள். அந்தப் பெண் ஆட்டத்தை முடித்தாளா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு பெண்ணின் காலைத் தொட்டு உதவிய ஆளை ஊர் ஏன் சிரித்தது என்றும் யாரும் கேட்டதில்லை. எங்கள் அப்பா அந்தச் சிரிப்புக்குத்தான் இன்றும் பயப்படுகிறார்.

பதினெட்டாம் நாள் காலை அம்மா அடுப்படியில் நின்று தோசை சுட்டாள். ஒரு கையில் வாக்கர், ஒரு கையில் தோசைத் திருப்பி. "பாரு, அம்மா எழுந்துட்டா" என்று வீடே மகிழ்ந்தது. நானும் மூன்று தோசை சாப்பிட்டேன். அன்றோடு பயிற்சி குறைந்தது. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021இல் தொடங்கிய திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அந்தப் பெண் வந்த இரண்டு நாளும் அம்மா வீட்டில் இல்லை. ஒரு நாள் ரேஷன் கடை. இன்னொரு நாள் அண்ணன் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். நடக்க முடிகிற அம்மாவை வீடு உடனே நடக்கவைத்துவிட்டது. எப்படி நடக்கிறாள் என்று யாரும் பார்க்கவில்லை. நாலு வருடம் முன்னால் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது அவர் ஆறு வாரம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தது இந்த இடுப்புதான்.

அப்பாவை மட்டும் குற்றவாளி ஆக்கினால் எனக்குச் சௌகரியம். ஆனால் காப்பீடு ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மூன்று மாதம் கூலி இல்லாமல் கிடக்கிற வீட்டு வேலைக்காரியின் கஞ்சிக்கு எந்தத் திட்டத்திலும் வரி இல்லை. அம்மா சீக்கிரம் எழுந்ததற்குப் பாசம் ஒரு காரணம், கடன் இன்னொரு காரணம்.

மூன்றாவது முறை பிசியோ பெண் வந்தபோது அம்மா வீட்டில் இருந்தாள். "குதிகாலை நல்லா ஊனுங்கம்மா. நிமிர்ந்து பாருங்க. கையை வீசுங்க. எட்டு பெருசா வைங்க" என்றாள் அந்தப் பெண். புடவை தடுக்கியது, கொஞ்சம் ஏற்றிச் செருகச் சொன்னாள். அப்பா எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்குப் பன்னிரண்டு வயதில் வேண்டாம் என்று சொல்லப்பட்டது. நிலம் அதிர நடக்காதே. தலை குனிந்து போ. கையை என்ன ஆம்பளை மாதிரி வீசுறே. சொன்னவள் இதே அம்மா. அவளுக்குச் சொன்னவள் அவள் அம்மா. புலவர்கள் அன்ன நடை என்று வர்ணித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்ல, குறுக, யார் காதிலும் விழாமல் நடக்கப் பழக்கப்பட்ட உடம்பிடம் போய் இயல்பாக நட என்றால் அது எந்த இயல்புக்குத் திரும்பும்? முந்திரித் தோப்பில் சுமை தூக்கும்போது மட்டும் அவள் எட்டி நடந்தது யாருக்கும் உறுத்தவில்லை.

"எனக்குச் சிரிப்பு வருதுடி" என்றாள் அம்மா, கையை வீசிப் பார்த்துவிட்டு. "போலீஸ்காரி மாதிரி இருக்கு."

இப்போது நான் சனி ஞாயிறு ஊருக்கு வருகிறேன். அந்த இரண்டு நாளும் அடுப்படியில் அண்ணன் நிற்கிறான். சாம்பாரில் உப்பு அதிகம், பரவாயில்லை. மற்ற ஐந்து நாளும் பழைய கதைதான். அதைச் சரிசெய்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். செருப்பு விஷயத்தில் அப்பா மாறவில்லை. நீளப் பிடி போட்ட ஒரு கொம்பு வாங்கிக் கொடுத்தார். அம்மா அதை வைத்துத் தானே மாட்டிக்கொள்கிறாள்.

மாலையில் ஏரிக்கரைக்குப் போகிறோம். செம்மண் ஈரமாக இருந்தால் காலடி பதியும். அம்மா நடந்து முடித்துத் திரும்பி வந்து, தடியைக் குறுக்கே வைத்துத் தன் எட்டுகளை அளக்கிறாள். நான் குனிந்து விரலால் அடையாளம் சொல்கிறேன். போன மாதம் வலது கால் எட்டு ஒரு சாண் குறைவாக இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை நாலு விரல்.